கடலோரக் கோல்ப் சுற்றுலா: புல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சேலத்தில் இருந்து நாமக்கல்லுக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கிறது, புதுச்சத்திரம்.

காஷ்மீரத்தில் புறப்பட்டு, கன்னியாகுமரியில் கடலைத் தொடுகிறதே 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, அது இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இரவு பகல் ஓயாமல் லாரிகள் ஓடுகின்றன. முட்டை ஏற்றிய லாரி, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி, போர் போடப் போகும் 'ரிக்' வண்டி என்று வரிசை நீளுகிறது.

இந்த ஊரில் கடல் கிடையாது. கோல்ப் மைதானமும் கிடையாது.

ஆனாலும் சென்ற மாதம் இங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் கோல்ப் பற்றித்தான் பேச்சு!

வீட்டுக்காரர் 2 லாரிகளுக்குச் சொந்தக்காரர். அவருடைய தங்கை மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஜனவரி மாதம் 3 நண்பர்களுடன் ஊருக்கு வருகிறான். "மாமா! கடலோரமாகவே ஒரு சுற்றுப் போகவேண்டும். வழியில் கோல்ப் ஆடவேண்டும். நல்ல மைதானமாகப் பார்த்து வையுங்கள்" என்று செல்போனில் சொல்லிவிட்டான்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேன் பிடிப்பது அவருக்குச் சுலபம். மைதானம் பிடிப்பது எப்படி?

"பத்திரிகைக்காரர் நீங்க. எது நல்ல மைதானமுன்னு நீங்களே சொல்லிப் போடுங்க" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள், உள்ளே இருந்து அவருடைய மனைவி கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டுமுங்க. அத்தனை புல்லுக்கும் தண்ணி எங்கிருந்துங்க வருது?"

அவர்கள் தோட்டத்துப் போர் சென்ற ஆண்டு வற்றிவிட்டது. இரண்டாவது போர் போட்டதில் வந்த கடன் இன்னும் தீரவில்லை. அந்த அம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் தண்ணீர் ஞாபகம்தான்.

ஆனால், யோசித்துப் பார்த்தால் அந்த இரண்டு கேள்விகளும் ஒரே கேள்விதான். எப்படி என்று பார்ப்போம்.

கோலிக்குண்டுக்கு அண்ணன்

கோல்ப் என்றால் என்ன?

நம் பிள்ளைகள் தெருவில் குழி தோண்டிக் கோலிக்குண்டு ஆடுகிறார்கள் அல்லவா? அதற்கு அண்ணன் என்று வைத்துக் கொள்ளலாம்.

மைதானத்தில் மொத்தம் 18 குழிகள். ஒரு குழியின் அகலம் நாலேகால் அங்குலம். பந்து எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். அதைக் கோலால் அடித்து அடித்து, ஒவ்வொரு குழியாகத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். யார் மிகக் குறைந்த அடிகளில் 18 குழிகளையும் முடிக்கிறாரோ அவரே வெற்றி பெற்றவர்.

ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையே 100 மீட்டரும் இருக்கும், 500 மீட்டரும் இருக்கும். எனவே இடம் நிறைய வேண்டும். 18 குழி மைதானம் என்றால் 100 ஏக்கருக்குக் குறையாது. 9 குழி மைதானமும் உண்டு. அதற்கு ஏறக்குறைய பாதி இடம் போதும்.

ஆட்டக்காரருடைய பையைச் சுமந்து வருகிறவருக்குக் 'கேடி' என்று பெயர். போலீஸ் பட்டியலில் இருக்கும் கேடி என்று நினைத்துவிட வேண்டாம்! இவர் நல்ல கேடி. எந்தப் பந்தை எந்தக் கோலால் அடிக்கலாம் என்று யோசனை சொல்கிறவரும் இவர்தான்.

மணல்மேட்டில் பிறந்தது

இந்த ஆட்டம் ஸ்காட்லாந்து தேசத்தில் வளர்ந்தது. 1457-ம் ஆண்டிலேயே அங்கே இதற்குத் தடை போட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? வாலிபர்கள் வில் வித்தை பழகாமல் கோல்ப் ஆடிக்கொண்டு திரிந்தார்களாம்!

அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு கடற்கரை ஊர். கோல்ப் ஆட்டத்தின் தாய்வீடு என்று அதைச் சொல்வார்கள். மைதானத்துக்கு 18 குழிகள் என்ற வழக்கம் 1764-ல் அங்கே இருந்துதான் வந்தது.

இதில் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்த மைதானம் கடலை ஒட்டிய மணல்மேட்டில் இருக்கிறது. அந்த மண்ணில் உழவு செய்ய முடியாது. புல் மட்டும் தானாக முளைக்கும். குளிர் நாடு. மழை அடிக்கடி பெய்யும். யாரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அந்தப் புல்லை வளர்க்கவில்லை. ஆடுகள் மேய்ந்த இடத்தில் மனிதர்கள் பந்து அடித்தார்கள். அவ்வளவுதான்.

அந்த ஆட்டம் கப்பல் ஏறி நம் நாட்டுக்கு வந்தது. கல்கத்தாவில் 1829-ல் கோல்ப் சங்கம் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுவே மிகப் பழையது. கொடைக்கானலில் 1895-ல் தொடங்கினார்கள். இலங்கையில் கொழும்புச் சங்கம் 1879-லும், நுவரெலியாச் சங்கம் 1889-லும் ஏற்பட்டன.

ஆட்டம் வந்தது, சரி. ஸ்காட்லாந்தின் மழை கூட வரவில்லையே!

கடலோரத்தில் எங்கெங்கே?

சிங்கப்பூர் மருமகன் எங்கெங்கே போகலாம்?

சென்னையில், நந்தனத்தில் காஸ்மோபாலிடன் கிளப்பின் மைதானம் இருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் நடுவே ஜிம்கானா கிளப்பின் மைதானம். கிண்டியின் கதை தனிக்கதை. பின்னால் சொல்லுகிறேன்.

வடக்கே போனால் விசாகப்பட்டினம். கடற்காற்று வீசும் ஊர். அங்கே ஒரு மைதானம் உண்டு.

மேற்குக் கடற்கரைக்குப் போனால், திருவனந்தபுரத்தில் கவடியார் பக்கம் ஒன்று. மங்களூரில் பிலிகுளா என்ற இடத்தில் ஒன்று.

இலங்கைக்குப் போனால் கொழும்பு. அங்கே ஒரு வேடிக்கை. மைதானத்தின் ஊடே ரயில் பாதை போகிறது! களனிப் பள்ளத்தாக்கு ரயில் கடந்து போனபிறகுதான் பந்தை அடிக்கவேண்டும். தெற்கே அம்பாந்தோட்டையில், கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய ஓட்டலின் 18 குழி மைதானம் இருக்கிறது. 2016-ல் திறந்தார்கள்.

எந்த மாதம் போவது? நம் கிழக்குக் கரையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களே இரண்டு கரைக்கும் ஏற்றவை. கொழும்புக்கும் அந்த மாதங்கள் நல்லவை.

கிளப்புகளில் உறுப்பினர் அல்லாதவர்களை எளிதில் உள்ளே விடமாட்டார்கள். உறுப்பினர் ஒருவருடைய விருந்தாளியாகப் போகவேண்டும். அல்லது முன்கூட்டி எழுதிக் கேட்டு, அதற்கு உண்டான கட்டணத்தைக் கட்டவேண்டும். காலர் வைத்த சட்டை, முறையான காலணி என்று உடைக்கும் விதி உண்டு. இவற்றை எல்லாம் கேட்டுக்கொண்டு புறப்பட்டால் வாசலில் நின்று திரும்பவேண்டிய நிலை வராது.

மாமாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இது. மீதிப் பதில் மாமியின் கேள்வியில் இருக்கிறது.

100 டாங்கர் லாரித் தண்ணீர்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய கணக்கு அல்ல. வீட்டில் பிள்ளைகளை விட்டே போடச் சொல்லலாம்.

நம் ஊர் வெயிலில், பச்சைப் புல் ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரைக் குடிக்கும். ஒரு ஏக்கரில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது எவ்வளவு? சுமார் 20,000 லிட்டர்.

100 ஏக்கர் மைதானத்தில் பாதி இடத்துக்கு மட்டுமே தண்ணீர் விடுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். மீதி இடத்தில் மரமும் புதரும் இருக்கட்டும். 50 ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் ஆகிறது.

10,000 லிட்டர் பிடிக்கும் டாங்கர் லாரியில் கொண்டு வந்தால் 100 லாரி! ஒரே நாளைக்கு!

2019-ல் தொடங்கிய 'ஜல் ஜீவன்' குடிநீர்த் திட்டத்தில், கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று சர்க்கார் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி 10 லட்சம் லிட்டர் என்பது 18,000 பேருக்கு உரிய தண்ணீர்.

மழை பெய்யும் நாளில் இவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் கோல்ப் ஆட வருகிறவர்கள் மழை இல்லாத நாளைப் பார்த்துத்தானே வருகிறார்கள்!

இதைக் கேட்ட லாரிக்காரர் சற்று நேரம் பேசவில்லை. "நூறு லோடுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கடலோரத்தில் ஆபத்து அதிகம்

உள்நாட்டில் போர் வற்றினால் தண்ணீர் வராது. அவ்வளவுதான். கடலோரத்தில் நடப்பது அதைவிட மோசம்.

கடற்கரை மணலுக்கு அடியில் மழை நீர் தங்கி நிற்கிறது. அது நல்ல தண்ணீர். அதற்குக் கீழே உப்புத் தண்ணீர் இருக்கிறது. எண்ணெய் தண்ணீரின்மேல் மிதப்பதுபோல, நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் நிற்கிறது. மீனவர் குப்பத்தில் நாலு முழம் தோண்டினால் குடிநீர் வருகிறதே, அது இதுதான்.

பெரிய மோட்டார் வைத்து நல்ல தண்ணீரை இறைத்துவிட்டால் என்ன ஆகும்? கீழே உள்ள உப்புத் தண்ணீர் மேலே ஏறும். ஒருமுறை உப்பு ஏறிய கிணறு திரும்பவும் இனிப்பதற்குப் பல வருஷங்கள் ஆகும்.

மணல்மேடு வெறும் மணல் அல்ல. மழையைப் பிடித்து வைக்கும் பானை அது. புயலிலும் பேரலையிலும் ஊருக்கு மதில் அது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்ததே, அன்று அந்த மதிலின் அருமையைக் கடலோர மக்கள் கண்ணால் கண்டார்கள்.

இதனால்தான் இந்திய சர்க்கார் 1991-ல் கடற்கரைக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. உயர் அலை தொடும் இடத்தில் இருந்து 500 மீட்டர் வரை இஷ்டம்போலக் கட்டடம் கட்டக்கூடாது, மணல்மேட்டைக் கரைக்கக்கூடாது என்பவை அதன் நோக்கம். பிறகு விதிகள் பலமுறை மாறின. சண்டைகளும் நடக்கின்றன. கோவாவின் வடகோடியில் உள்ள தெரேகோல் கிராமத்தில் கோல்ப் விடுதி ஒன்று வருவதாக இருந்தபோது, ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

கிண்டியின் கதை

இப்போது கிண்டிக்கு வருவோம்.

கிண்டியில் 1777-ம் ஆண்டு முதல் குதிரைப் பந்தயம் நடந்துவந்தது. அந்த நிலம் 160 ஏக்கர் 86 சென்ட். சர்க்கார் நிலம். 1945-ல் அதைப் பந்தய கிளப்புக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்கள்.

வாடகை எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? வருஷத்துக்கு 614 ரூபாய் 13 பைசா! மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு! ஏக்கருக்கு 4 ரூபாய் கூட இல்லை.

1970 முதல் வாடகையை உயர்த்திக் கேட்டது சர்க்கார். கிளப் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு நடந்தது. 730 கோடியே 86 லட்சம் ரூபாய் பாக்கியைக் கட்டவேண்டும் என்று 2023 மார்ச் மாதம் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பக்கத்தில் உள்ள வேளச்சேரி வெள்ளத்தில் மிதந்தது. மழை நீர் தங்கக் கிண்டியில் இடம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்தது. நிலத்தில் பொதுமக்களுக்குப் பசுமைப் பூங்கா அமைக்கப்படும் என்று அறிவித்தது. மழை நீரைத் தேக்கக் குளங்கள் வெட்டினார்கள். கிளப்புகள் மறுபடியும் கோர்ட்டுக்குப் போயின. எனவே, கிண்டியில் ஆட நினைக்கிறவர்கள் அன்றன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொண்டே போகவேண்டும்.

இதில் ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். ஓர் இடத்தில் புல்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஊர்த் தண்ணீரை எடுக்கிறார்கள். இன்னோர் இடத்தில் ஊர் வெள்ளத்துக்கு இடம் வேண்டும் என்று புல்தரையைக் கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: நிலமும் நீரும் யாருக்கு முதலில்?

சிங்கப்பூரிலும் இதே பேச்சு

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் அல்ல. மருமகன் வேலை பார்க்கும் சிங்கப்பூரிலும் இதே கதைதான்.

அங்கே கடலோரமாகக் கெப்பல் கிளப் என்று ஒரு பழைய கோல்ப் சங்கம். 1904-ல் தொடங்கியது. அதன் நிலக் குத்தகை 2021 இறுதியில் முடிந்தது. சர்க்கார் நீட்டிக்கவில்லை. சுமார் 48 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 120 ஏக்கர், நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டத் திட்டம். அவற்றில் பெரும்பாலானவை சர்க்கார் வீட்டு வாரியத்தின் வீடுகள்.

சிறிய தீவு அது. நூற்றுக்கணக்கான பேர் ஆடும் இடமா, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியிருக்கும் இடமா என்று கணக்குப் பார்த்தார்கள்.

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் கோல்ப் கெட்ட ஆட்டமா? இல்லவே இல்லை.

இது உடம்புக்கு நல்லது. 18 குழிகளையும் முடிப்பதற்குள் 4, 5 மைல் நடந்தாகவேண்டும். வயதானவர்களும் ஆடலாம். பெங்களூரில் பை சுமக்கும் கேடியாக இருந்த முனியப்பா என்பவர், 2009-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றார். அதே பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4-வது இடத்தைப் பிடித்தார். நூலிழையில் பதக்கம் தவறியது!

ஒரு மைதானத்தை நம்பிப் புல் வெட்டுகிறவர்கள், தோட்டக்காரர்கள், கேடிகள், சமையல்காரர்கள் என்று பல குடும்பங்கள் பிழைக்கின்றன. மைதானத்தை மூடினால் முதலில் அடுப்பு அணைவது அவர்கள் வீட்டில்தான். நகரத்தின் நடுவே மரமும் பறவையும் மிஞ்சி இருக்கும் இடமாகவும் பல மைதானங்கள் இருக்கின்றன. இதையும் மறக்கக்கூடாது.

தண்ணீருக்கும் வழி இருக்கிறது. நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து புல்லுக்கு விடலாம். மழை நீரைக் குளத்தில் தேக்கலாம். அதிகத் தண்ணீர் கேட்காத புல்லை வளர்க்கலாம். ஆடும் பாதைக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற இடத்தைக் காடாக விட்டுவிடலாம். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

கேட்கவேண்டிய 5 கேள்விகள்

ஆகவே, கோல்ப் ஆடச் சுற்றுலா போகிறவர்கள் மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த 5 கேள்விகளைக் கேட்கலாம்.

1. புல்லுக்கு எந்தத் தண்ணீர்? சுத்தம் செய்த கழிவு நீரா, தேக்கிய மழை நீரா, ஊர்க் கிணற்று நீரா? வறண்ட அம்பாந்தோட்டைப் பக்கம் போகிறவர்கள் இதை அவசியம் கேட்கவேண்டும்.

2. நிலம் எப்படி வந்தது? பழைய மைதானமா? அல்லது மணல்மேட்டை இடித்து, மீனவர் வலை காயப்போட்ட இடத்தை வளைத்து ஏற்பட்டதா?

3. புல்லுக்குப் போடும் உரமும் பூச்சி மருந்தும் எங்கே போகின்றன? கடலோர மணலில் ஊற்றியது சீக்கிரம் கிணற்றுக்கு இறங்கிவிடும்.

4. ஊர்க்காரர்களுக்கு வேலை உண்டா? ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட இடம் உண்டா?

5. கடற்கரைக்குப் போகும் பாதை ஊராருக்குத் திறந்திருக்கிறதா, வேலி போட்டு அடைத்திருக்கிறதா?

இந்த 5-க்கும் தைரியமாகப் பதில் சொல்லும் மைதானம் நல்ல மைதானம். மழுப்பினால், பணத்தை வேறு இடத்தில் செலவு செய்யலாம். சுற்றுலாப் பயணி கேட்டால் ஓட்டல்காரர் காது கொடுப்பார். ஊரார் 10 வருஷம் கேட்டும் கிடைக்காத பதில், காசு கொடுக்கிறவர் ஒருமுறை கேட்டால் கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்கும்

செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தைப் பற்றி ஒரு சேதி சொல்லாமல் விட்டுவிட்டேன்.

உலகத்திலேயே பெயர்பெற்ற அந்தப் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரணமாக ஆட்டம் கிடையாது. அன்று அது ஊராருக்குப் பூங்கா! தாய்மார்கள் குழந்தைகளுடன் நடக்கிறார்கள். கிழவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுகிறார்கள். அது தனியார் சொத்து அல்ல. ஊர்ப் பொதுச் சொத்து.

கோல்ப் பிறந்து வளர்ந்த ஊரிலேயே புல்தரை எல்லாருக்கும் சொந்தமாக இருக்கிறது. அந்த ஆட்டத்தை இரவல் வாங்கிய நாம் மட்டும் வேலி போட்டுக்கொள்ள வேண்டுமா?

இதை எல்லாம் திண்ணையில் சொல்லி முடித்தேன். லாரிக்காரர் செல்போனை எடுத்தார். மருமகனுக்கு அந்த 5 கேள்விகளையும் வரிசையாகச் சொன்னார். "நீயே எழுதிக் கேளு சாமி. பதில் சொல்ற இடத்துக்கு வேனை விடறேன்" என்றார்.

அந்த அம்மாள் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சத்திரம் என்றால் வழியில் போகிறவர் யாராக இருந்தாலும் தங்கிப் போகலாம், தண்ணீர் குடித்துப் போகலாம் என்று பொருள். வருகிற விருந்தாளிக்கும் தண்ணீர் வேண்டும். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் மிஞ்சவேண்டும்.

கடலோரத்து ஊர்களுக்கும் அதே நியாயம்தானே?